எந்த மைதானம், யாருடைய மைதானம்? அயர்லாந்தில் 7 நாள்

கிளம்பும் முன்

அயர்லாந்து போகிறவர்கள் கடலோரப் பாறைகளையும் கின்னஸ் ஆலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இந்தப் பயணம் மைதானங்களுக்காக. எந்தப் பந்தை யார் ஆடலாம், எந்த ஆட்டத்தை வேடிக்கை பார்த்தால்கூட நீக்கம் என்று விதிப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்த தீவு இது. வரைபடத்தில் எல்லைக்கோடு ஒன்றுதான். விளையாட்டுகளில் அது ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாறும். சிலவற்றில் கோடே கிடையாது.

முதலில் விசா. இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. டப்ளின் ஒரு நாடு, பெல்ஃபாஸ்ட் பிரிட்டன். நடுவில் சாவடி கிடையாது, பஸ் நிற்காமல் போய்விடும். அதனால் இன்னொரு விசா தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம் என்று ஒன்று உண்டு. விசாவில் பி.ஐ.வி.எஸ். என்ற எழுத்துகள் அச்சாகியிருந்தால் அதே விசாவில் இரண்டு பக்கமும் போகலாம். ஆனால் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். ஐரிஷ் விசா என்றால் டப்ளின் முதலில், பெல்ஃபாஸ்ட் பிறகு. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. பிரிட்டன் விசா தனியாக வேண்டும். கனடா கடவுச்சீட்டில் வருபவர்கள் வடக்கே போக பிரிட்டனின் ஈ.டி.ஏ. அனுமதியை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். வடக்கிலிருந்து தெற்கே திரும்பும் பஸ்ஸிலும் ரயிலிலும் ஐரிஷ் போலீஸ் ஏறி ஆவணம் கேட்பது நடக்கிற காரியம்தான்.

அடுத்து பருவம். அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களான ஹர்லிங் (மட்டையால் ஆடுவது), கேலிக் ஃபுட்பால் (கையாலும் காலாலும் ஆடுவது) இரண்டிலும் மாவட்ட அணிகளின் சாம்பியன்ஷிப் ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் இறுதிப்போட்டியோடு முடியும். அதன்பின் கிளப் ஆட்டங்கள். வடக்கின் கால்பந்து லீக் ஆகஸ்ட் முதல் மே வரை, பெரும்பாலும் சனிக்கிழமை. தெற்கின் லீக் பிப்ரவரி முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் வெள்ளி இரவு. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க ஆசை என்றால் மார்ச்-ஏப்ரல் அல்லது செப்டம்பர்-அக்டோபர் சரியாக வரும். எந்த மாதமானாலும் மழைக் கோட்டு அவசியம். குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிவிடும், பின்வரிசைக்காரர் திட்டுவார்.

நாள் 1: டப்ளின், க்ரோக் பார்க்

ஓ'கானல் தெருவிலிருந்து வடக்கே 20 நிமிட நடை. ட்ரம்காண்ட்ரா ரயில் நிலையத்தில் இறங்கினால் இன்னும் பக்கம். வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் தெருவின் முடிவில் திடீரென்று 82,300 பேர் கொள்ளும் மைதானம் எழும்பி நிற்கிறது. ஒரு பக்கம் ராயல் கால்வாய், இன்னொரு பக்கம் ரயில் பாதை. அந்த ரயில் பாதையால்தான் ஹில் 16 என்ற மேடையை மற்ற மூன்று பக்கங்கள் போல அடுக்கடுக்காக உயர்த்த முடியாமல் போனது. இன்றும் அங்கே நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும்.

உரிமையாளர் ஜி.ஏ.ஏ. எனப்படும் கேலிக் தடகளச் சங்கம். 1913-இல் 3,500 பவுண்டுக்கு வாங்கினார்கள். ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது; 80,000 பேர் பார்க்க இறுதிப்போட்டி ஆடிய ஆசிரியர் மறுவாரம் பள்ளிக்கூடம் திரும்பிவிடுவார். ஒவ்வொரு பக்கத்தின் பெயரும் ஒரு அரசியல் அறிவிப்பு. க்யூசாக், டாவின் இருவரும் சங்கத்தைத் தொடங்கியவர்கள். நாலி, ரகசியப் புரட்சி இயக்கமான ஐ.ஆர்.பி.யின் ஆள். ஹோகன், இதே புல்தரையில் சுடப்பட்டு இறந்த ஆட்டக்காரர்.

1920 நவம்பர் 21, ஞாயிறு. பிரிட்டனை எதிர்த்து அயர்லாந்தின் சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்தது. அன்று காலை புரட்சித் தலைவர் மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளின் வீடுகளில் புகுந்து பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளைச் சுட்டார்கள். பிற்பகல் க்ரோக் பார்க்கில் டப்ளினுக்கும் டிப்பரரிக்கும் கேலிக் ஃபுட்பால். 2.45-க்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் கூட்டத்தால் தாமதமாகி 3.15-க்குத்தான் தொடங்கியது. பத்து நிமிடத்துக்குள் கால்வாய்ப் பாலத்தின் பக்கமிருந்து போலீஸ் படைகள் உள்ளே ஓடிவந்தன. கூட்டத்தைச் சோதனை போட வந்ததாகத்தான் பேச்சு. துப்பாக்கிகள் சுமார் 90 விநாடி வெடித்தன. போலீஸ் சுட்டது 228 தோட்டா. வெளியே கவச வாகனத்திலிருந்த ராணுவ இயந்திரத் துப்பாக்கி 50 ரவுண்டு சுட்டது. அது மட்டும் கூட்டத்தின் தலைக்கு மேலே.

இறந்தவர்கள் 14 பேர். அவர்களில் மூன்று பேர் சிறுவர்கள்: வயது 10, 11, 14. ஜேன் பாயில் என்ற பெண்ணுக்கு ஐந்து நாளில் கல்யாணம். நெரிசலில் மிதிபட்டு இறந்தவர்களும் உண்டு. டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன் தரையோடு தவழ்ந்து வெளியேற முயன்றபோது சுடப்பட்டார். அவர் பக்கத்தில் மண்டியிட்டுக் காதில் ஜெபம் சொன்ன தாமஸ் ரையனும் சுடப்பட்டார். ஹோகனுக்கு இங்கே ஒரு ஸ்டாண்டே இருக்கிறது. ஆனால் 14 பேரில் 8 பேருக்கு கல்லறைக் கல்கூட இல்லாமல் இருந்தது; 2015-க்குப் பிறகுதான் சங்கம் ஒவ்வொன்றாக நட்டது. ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுப் பெருமைப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நூறாவது நினைவு நாளில், 2020 நவம்பர் 21 அன்று, கொரோனாவால் மைதானம் காலி. மறுநாள் டிப்பரரி 1920-இன் வெள்ளை-பச்சைச் சட்டையிலேயே ஆடி, 1935-க்குப் பிறகு முதல்முறையாக மன்ஸ்டர் மாகாணக் கோப்பையை வென்றது. அந்த ஆண்டு அகில அயர்லாந்து அரையிறுதிக்கு வந்தவை டப்ளின், டிப்பரரி, மேயோ, கேவன். 1920-இல் வந்ததும் இதே நான்குதான். திட்டமிட்டாலும் இப்படி அமையாது.

வழிகாட்டிகள் சொல்லும் ஒரு கதையை மட்டும் நம்ப வேண்டாம். பிரிட்டனுக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் இடிந்த கட்டட இடிபாடுகளைக் கொட்டித்தான் ஹில் 16 உருவானது என்பார்கள். மேடு எழும்பியது 1915-இல், எழுச்சிக்கு முந்தைய ஆண்டு. அப்போது அதன் பெயர் ஹில் 60. முதல் உலகப்போரில், கலிப்போலியில் ஐரிஷ் வீரர்கள் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செத்த ஒரு குன்றின் பெயர். தேசியவாத மைதானத்துக்கு அந்தப் பெயர் உறுத்தியது. 1930-களில் 60 போய் 16 வந்தது, கூடவே இடிபாட்டுக் கதையும் ஒட்டிக்கொண்டது.

நடைமுறை: கேட்டில் காசு கொடுத்து டிக்கெட் வாங்க முடியாது, இணையத்தில்தான். இறுதிப்போட்டி டிக்கெட் கிளப்புகள் வழியாகவே போய்விடும், வெளியாளுக்குக் கிடைப்பது அபூர்வம். லீக் ஆட்டமோ ஆரம்பச் சுற்றோ சுலபம். போட்டி நாளில் மைதானச் சுற்று வழக்கமாக நடக்காது. அருங்காட்சியகத்துக்கும் சுற்றுக்கும் வேறு நாள் ஒதுக்குங்கள். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் வேண்டும்.

ஸ்கோர் படிக்கும் விதம்: பலகையில் 1-16, 0-18 என்று இருந்தால் முதல் எண் கோல், இரண்டாவது பாயின்ட். கோல் ஒன்றுக்கு 3. ஆக 19-க்கு 18. கேலிக் ஃபுட்பாலில் 2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியே இருந்து கம்பத்துக்கு மேலே உதைத்தால் 2 பாயின்ட். ஹர்லிங்கில் அது கிடையாது.

நாள் 2: தர்லெஸ், டிப்பரரி

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கார்க் போகும் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். காலை போய் மாலை திரும்பலாம். கானலி நிலையத்துக்குப் போய் நிற்காதீர்கள். அங்கே கார்க் வண்டி கிடைக்காது.

லிபர்ட்டி சதுக்கத்தில் ஹேஸ் ஹோட்டல். 1884 நவம்பர் 1 அன்று இங்கே மைக்கேல் க்யூசாக் அழைத்த கூட்டம் நடந்தது. வந்தவர்கள் ஏழு பேர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. நாட்டின் விளையாட்டுகளை ஆங்கிலேய விதிகளும் ஆங்கிலேயக் கிளப்புகளும் விழுங்குகின்றன, சொந்த ஆட்டத்தைச் சொந்த மக்கள் நடத்த வேண்டும் என்பதே கூட்டத்தின் பேச்சு. பேராயர் க்ரோக்கும் அரசியல் தலைவர் பார்னெலும் புரவலர்கள் ஆனார்கள்.

அந்த ஏழில் ஒருவரைப் பற்றி ஊர்ப் பலகைகளில் அதிகம் காண முடியாது. பெயர் தாமஸ் செயின்ட் ஜார்ஜ் மெக்கார்த்தி. ராயல் ஐரிஷ் போலீஸில் மாவட்ட இன்ஸ்பெக்டர். 1882-இல் அயர்லாந்துக்காக ரக்பி ஆடியவர். அதாவது பிரிட்டிஷ் அரசின் போலீஸ், ஆங்கிலேய ஆட்டமான ரக்பியின் வீரர், ஜி.ஏ.ஏ.யின் தொடக்க உறுப்பினர், மூன்றும் ஒரே ஆள்.

பிற்பாடு சங்கம் போட்ட விதிகள் இவரை இரண்டு முறை வெளியே தள்ளியிருக்கும். விதி 27: ரக்பி, கால்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் ஆடினாலோ பார்த்தாலோ நீக்கம். விதி 21: பிரிட்டிஷ் அரசின் போலீஸும் ராணுவத்தாரும் உறுப்பினராக முடியாது. இன்னொன்று விதி 42: சங்க மைதானங்களில் அந்நிய ஆட்டத்துக்கு இடமில்லை. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதி ஐந்து நாளும் தானாகப் புரியும்.

விதி 27 காகிதத்தோடு நிற்கவில்லை. அந்நிய ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பி, தங்கள் உறுப்பினர் யாராவது கூட்டத்தில் நிற்கிறார்களா என்று பார்த்துவரக் கண்காணிப்புக் குழுக்கள் இருந்தன. 1963-இல் வாட்டர்ஃபோர்ட் ஹர்லிங் வீரர் டாம் சீஸ்டி, ஒரு கால்பந்து கிளப் நடத்திய நடன விருந்துக்குப் போனதற்காகத் தடை வாங்கி லீக் இறுதிப்போட்டியைத் தவறவிட்டார். பந்தைத் தொடவில்லை, ஆடத்தான் போனார், அதுவும் பாட்டுக்கு! விதி 1971-இல் போனது.

ஊர்க்கோடியில் செம்பிள் மைதானம். ஹர்லிங் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது டிப்பரரிக்காரர்கள் மட்டும் சொல்வதல்ல. ஒரு ஹர்லி மட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஆஷ் மரத்தின் அடிப்பகுதியில், வேரோடு சேர்ந்து வளையும் இடத்தில் வெட்டுவார்கள். மரத்தின் வரி அந்த வளைவோடேயே மட்டையின் பாதத்துக்குள் திரும்பிப் போகும், அதனால் மோதலில் சட்டென்று பிளக்காது. வரி நேராக ஓடி விளிம்பில் அறுபட்டிருந்தால் அந்த மட்டை அதிக நாள் தாங்காது. ஆஷ் மரங்களை இப்போது பூஞ்சை நோய் அழித்துக்கொண்டு வருவதால் இறக்குமதி மரமும், மூங்கிலும், செயற்கைப் பொருளும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. பந்தின் பெயர் ஸ்லிதர். நடுவில் தக்கை, மேலே தோல், தையல் விளிம்பு வெளியே புடைத்திருக்கும். எடை 110 முதல் 120 கிராம். கிரிக்கெட் பந்தைவிட 40 கிராம் போலக் குறைவு. 2010 முதல் எல்லோருக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஓர் ஆட்டம் பார்த்தால் ஏன் அவ்வளவு தாமதம் என்றுதான் கேட்பீர்கள்.

நாள் 3: டப்ளின், லான்ஸ்டவுன் ரோடும் டேலிமவுண்டும்

டார்ட் ரயிலில் லான்ஸ்டவுன் ரோடு நிலையத்தில் இறங்கினால் அவீவா மைதானம். 51,700 இருக்கை, 2010-இல் திறந்தது. வடக்குக் கோல் பக்கம் மட்டும் கூரை தாழ்ந்து கண்ணாடிச் சரிவாக இறங்கும்; பின்னாலுள்ள வீடுகளின் வெளிச்சத்தை மறைக்கக் கூடாது என்பதால்.

ரக்பி இந்தத் தீவைப் பிரிக்கவே இல்லை. 1921-இல் நாடு இரண்டானபோதும் அணி ஒன்றாகவே நின்றது. பிரிட்டனோடு இருக்க விரும்பும் பெல்ஃபாஸ்ட் யூனியனிஸ்ட் ஒருவரும் தனி அயர்லாந்து கேட்கும் லிமரிக் தேசியவாதி ஒருவரும் ஒரே ஸ்க்ரமில் தோளோடு தோள் சேர்ப்பார்கள். சிக்கல் தேசிய கீதத்தில் வந்தது. அதற்காகவே 1995-இல் எந்த நாட்டையும் சொல்லாத ஒரு பாட்டை எழுத வைத்தார்கள். டப்ளினில் இரண்டும் ஒலிக்கும், வெளிநாட்டில் புதுப் பாட்டு மட்டும். கவித்துவம் குறைவு என்று எல்லோரும் குறை சொல்வார்கள், எல்லோரும் பாடுவார்கள்.

1972-இல் வடக்கில் ரத்தம் ஓடியதால் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு வர மறுத்தன. மறு ஆண்டு இங்கிலாந்து வந்தது. உள்ளே வந்தபோது ஐரிஷ் கூட்டம் எழுந்து நிமிடக்கணக்கில் கைதட்டியது. பிறகு அயர்லாந்து 18-9 என்று வென்றது.

கால்பந்து நேர் எதிர். பெல்ஃபாஸ்டில் 1880-இல் தொடங்கிய ஐ.எஃப்.ஏ.தான் முழுத் தீவுக்கும் சங்கம். 1921-இல் ஐரிஷ் கோப்பை அரையிறுதி மறுஆட்டத்தை டப்ளினில் வைக்காமல் மறுபடியும் பெல்ஃபாஸ்டிலேயே ஆடச் சொன்னார்கள். ஷெல்போர்ன் போக மறுத்தது. ஏற்கெனவே கசந்திருந்த உறவு அதில் அறுந்து, எஃப்.ஏ.ஐ. என்று டப்ளினில் தனிச் சங்கம் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், பெல்ஃபாஸ்ட் ஃபால்ஸ் ரோட்டிலிருந்து ஆல்டன் யுனைடெட் என்ற அணி புதுச் சங்கத்தில் சேர்ந்து, 1923-இல் அதே ஷெல்போர்னைத் தோற்கடித்து டப்ளின் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு சங்கமும் தங்கள் அணிக்கு அயர்லாந்து என்றே பெயர் வைத்து, 1950 வரை ஒரே ஆட்டக்காரர்களையே எடுத்தன. ஒரே உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் இரண்டு அயர்லாந்துக்கும் ஆடியவர்கள் இருந்தார்கள்! ஃபிஃபா தலையிட்டு 1953-இல் பெயர்களைப் பிரித்துக் கொடுத்தது.

பிற்பகலில் ஃபிப்ஸ்பரோ பக்கம் டேலிமவுண்ட் பார்க். 1938 நவம்பரில் இங்கே அயர்லாந்து-போலந்து கால்பந்து ஆட்டத்துக்கு, நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட் வந்து உட்கார்ந்தார். ஐரிஷ் மொழியை மீட்கவே வாழ்நாளைச் செலவிட்டவர், ஜி.ஏ.ஏ.யின் புரவலர். விதி 27-இன்படி அவரையும் நீக்கினார்கள். தலைவர் என்றால் எல்லா மக்களின் ஆட்டத்துக்கும் போகத்தானே வேண்டும் என்ற வாதம் எடுபடவில்லை.

மூன்றாவது விதி உடைந்த கதையும் இங்கிருந்துதான். பழைய லான்ஸ்டவுன் ரோட்டை இடிக்க வேண்டும். அதுவரை ரக்பியும் கால்பந்தும் எங்கே போகும்? 2005 ஏப்ரலில் ஜி.ஏ.ஏ. மாநாடு 227-97 என்ற வாக்கில் விதி 42-ஐத் தளர்த்தியது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது, அதற்குச் சற்று மேலே கிடைத்தது. 2007 பிப்ரவரி 24, இங்கிலாந்து ரக்பி அணி க்ரோக் பார்க்கில் நின்றது. ஹோகன் ஸ்டாண்டுக்கு எதிரே பிரிட்டிஷ் ராணியின் கீதம் ஒலித்தது. ஒரு சீட்டி இல்லை. அயர்லாந்து 43-13. நான்கு ஆண்டு கழித்து ராணியே வந்து அந்தப் புல்லைப் பார்த்துவிட்டுப் போனார்.

நாள் 4: எல்லை, க்ராஸ்மக்லென்

இன்று மட்டும் கார் தேவை. வாடகைக்கு எடுக்கும்போதே வடக்கே போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம், சொல்லாமல் போனால் காப்பீடு சிக்கலாகலாம். இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நமக்குக் கஷ்டமில்லை. எல்லையைக் கண்டுபிடிப்பது எப்படி? வேகப்பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறும். சாலையோர மஞ்சள் கோடு வெள்ளையாகும். தபால்பெட்டி பச்சையிலிருந்து சிவப்பு. 100 என்பதற்குப் பழகிய கால் 60-ஐப் பார்த்ததும் தடுமாறும்; அது மைல், அதாவது 97 கிலோமீட்டர் போல.

டப்ளின்-பெல்ஃபாஸ்ட் பெருஞ்சாலையில் நியூரிக்குச் சற்று முன் கில்லீன். 1987 ஏப்ரல் 25 அன்று, வடக்கில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. இங்கே ஒரு நீதிபதிக்கு வைத்த வெடியில் அவரும் மனைவியும் இறந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் வந்த காரில் அயர்லாந்து ரக்பி வீரர்கள் மூன்று பேர், டப்ளினுக்குப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முதல் ரக்பி உலகக்கோப்பைக்கு ஒரு மாதம்கூட இல்லை. அவர்களில் நைஜல் கார் மறுபடி ஆடவே இல்லை.

டண்டாக்கிலிருந்து மேற்கே கிராமச் சாலையில் திரும்பினால் க்ராஸ்மக்லென். சதுக்கத்தை ஒட்டி கோட்டை போன்ற போலீஸ்-ராணுவ முகாம் இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் கிளப் மைதானம். 1970-களில் முகாம் விரிந்து கிளப் நிலத்தைக் கடித்தது. சாலையெங்கும் கண்ணிவெடி பயத்தால் ராணுவத்துக்கு எல்லாமே வான்வழி; ஹெலிகாப்டர் தாழ வந்து இறங்கும்போது ஆட்டம் நிற்கும். நிலைமை இப்படி இருந்தும், இருந்ததால்தானோ என்னவோ, இந்தச் சின்ன ஊர்க் கிளப் அகில அயர்லாந்து கிளப் பட்டத்தை 1997 முதல் 2012-க்குள் ஆறு முறை வென்றது. ராணுவம் 2007-இல் வெளியேறியது.

இங்கே நின்று விதி 21-ஐ யோசித்தால்தான் அதன் வலு தெரியும். டப்ளினில் இருப்பவருக்கு அது பழைய பகை. க்ராஸ்மக்லென்காரருக்கு அது மைதானத்துக்கு வெளியே நிற்கிற சுவர். 2001 நவம்பரில் விதி நீக்கப்பட்டபோது வடக்கின் ஆறு மாவட்டங்களில் ஆதரித்தது டவுன் என்ற மாவட்டம் மட்டும்தான். வடக்கில் புதிய போலீஸ் படை அதே மாதம்தான் தொடங்கியிருந்தது. மறு ஆண்டே அதன் கேலிக் அணி தெற்கின் போலீஸை எதிர்த்து ஆடியது. அந்த ஆட்டங்களுக்குப் பிற்பாடு வந்த கோப்பையின் பெயர்: தாமஸ் செயின்ட் ஜார்ஜ் மெக்கார்த்தி. கல்லறைக் கல் இல்லாமல் கிடந்த அவருக்கு 2009-இல் சங்கம் கல்லும் நட்டது.

நாள் 5: பெல்ஃபாஸ்ட்

காரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நகரத்துக்குள் தேவையில்லை. டப்ளினிலிருந்து நேராக வருபவர்களுக்கு என்டர்பிரைஸ் ரயில் மணிக்கு ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2024-இல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கும். யூரோ செல்லாது, பவுண்டு. இங்குள்ள வங்கிகள் தங்கள் பெயரிலேயே நோட்டு அடிக்கின்றன. லண்டனில் அதை வாங்கத் தயங்குவார்கள். கிளம்பும் முன் செலவழித்துவிடுவது நல்லது. கிளாஸ்கோ அணிகளான செல்ட்டிக் (கத்தோலிக்கர் பக்கம்), ரேஞ்சர்ஸ் (புராட்டஸ்டன்ட் பக்கம்) சட்டைகளைப் போட்டுக்கொண்டு திரியாதீர்கள். பல மதுக்கடைகளில் கால்பந்துச் சட்டைக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே எழுதியிருக்கும்.

காலையில் தெற்கு பெல்ஃபாஸ்டில் விண்ட்சர் பார்க். லின்ஃபீல்டின் சொந்த மைதானம், வட அயர்லாந்து தேசிய அணி ஆடுவதும் இங்கேதான். லின்ஃபீல்ட் புராட்டஸ்டன்ட் கிளப், பெல்ஃபாஸ்ட் செல்ட்டிக் கத்தோலிக்கக் கிளப் என்பது ஆதரவாளர்கள் கணக்கு. அணிக்குள் அப்படி இல்லை; செல்ட்டிக்கில் புராட்டஸ்டன்ட்கள் நிறைய ஆடினார்கள்.

1948 டிசம்பர் 27, இரண்டு அணிக்கும் இங்கே ஆட்டம். செல்ட்டிக்கின் நட்சத்திரம் ஜிம்மி ஜோன்ஸ். அவரோடு மோதிய லின்ஃபீல்ட் வீரருக்குக் கணுக்கால் முறிந்தது. இடைவேளையில் அதை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கூட்டத்துக்கு அதைவிட வேறு தீனி வேண்டுமா? கடைசி நிமிடங்களில் செல்ட்டிக் பெனால்டியில் ஒரு கோல், லின்ஃபீல்ட் உடனே பதில் கோல், 1-1. விசில் ஊதியதும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஜோன்ஸைச் சுவருக்கு அப்பால் தள்ளிக் காலை மிதித்து முறித்தார்கள். ஜோன்ஸ் புராட்டஸ்டன்ட். அடித்தவர்களுக்கு அது பொருட்டாகவே இல்லை. சட்டையின் நிறம் போதும்.

14 முறை லீக் வென்ற கிளப் அந்தப் பருவத்தோடு லீக்கை விட்டு வெளியேறியது. 1949 மே மாதம் அமெரிக்கச் சுற்றில் ஸ்காட்லாந்து தேசிய அணியையே 2-0 என்று தோற்கடித்தது. திரும்பி வந்து லீக்கில் ஆடவில்லை, எப்போதும். ஜோன்ஸ் கால் சேர்ந்து, வேறு கிளப்பில் ஆடி, வட அயர்லாந்து அணிக்கும் வந்தார்.

செல்ட்டிக்கின் மைதானம் எங்கே? விண்ட்சர் பார்க்கிலிருந்து டோனகல் ரோடு வழியாக 20 நிமிடம் போல நடந்தால் போதும். நடுவில் எம்1 நெடுஞ்சாலையும், பிராட்வே ரவுண்டானாவில் ஒன்றுக்குள் ஒன்றாகத் தொங்கும் இரும்புக் கோளங்களும். அதைத் தாண்டியதும் பார்க் சென்டர் என்ற வணிக வளாகம். மைதானத்தில் நாய்ப் பந்தயம் 1983 வரை ஓடியது, பிறகு இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். வளாகத்துக்குள் பெல்ஃபாஸ்ட் செல்ட்டிக்குக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. விரும்பிப் போய்த் தேடினால்தான் கண்ணில் படும்.

மாலையில் ஜி1 கிளைடர் பஸ்ஸில் ஃபால்ஸ் ரோடு வழியாக ஆண்டர்சன்ஸ்டவுன் போங்கள். கேஸ்மென்ட் பார்க். 1916-இல் தேசத்துரோகக் குற்றத்துக்காக லண்டனில் தூக்கிலிடப்பட்ட ரோஜர் கேஸ்மென்ட் பெயரில் 1953-இல் திறந்த ஜி.ஏ.ஏ. மைதானம். 1972-73-இல் பிரிட்டிஷ் ராணுவம் இதை முகாமாக்கியது. 1988 மார்ச்சில் ஒரு சவ ஊர்வலத்துக்குள் காரை ஓட்டிவந்த இரண்டு பிரிட்டிஷ் கார்ப்பரல்களைக் கூட்டம் இழுத்து இங்கேதான் கொண்டுவந்தது. பக்கத்துப் பாழ்நிலத்தில் ஐ.ஆர்.ஏ. சுட்டது. இரண்டையும் சொல்லாமல் இந்த வாசலில் நிற்க முடியாது.

2013-க்குப் பிறகு இங்கே ஆட்டமே இல்லை. 38,000 பேர் கொள்ளும் புதுத் திட்டத்துக்குக் கொடுத்த அனுமதியை 2014-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடி அனுமதி 2021-இல். யூரோ 2028 ஆட்டங்கள் இங்கே வரும் என்றார்கள்; செலவு ஏறிவிட்டது என்று 2024 செப்டம்பரில் லண்டன் கைவிரித்தது. 2025-இல் 5 கோடி பவுண்டு தருவதாகச் சொன்னது, அது போதாது. ஒரு சமூகத்துக்கு மைதானம், மறு சமூகத்துக்கு என்ன என்ற பேரம் ஒவ்வொரு கட்டத்திலும் நடந்தது.

நாள் 6: லாக்கினிலேண்ட்

குறிப்பு சின்னதுதான். பெல்ஃபாஸ்டுக்குத் தெற்கே கிராமம், பஸ் வசதி குறைவு. 1994 ஜூன் 18, உலகக்கோப்பையில் அயர்லாந்து இத்தாலியை 1-0 என்று வென்ற இரவு. ஹைட்ஸ் பாரில் டிவி முன்னால் இருந்தவர்களை, பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழுவான யு.வி.எஃப். சுட்டது. ஆறு பேர் இறந்தார்கள், மூத்தவருக்கு வயது 87. 2012-இல் இதே தேதியில் யூரோ கோப்பையில் மறுபடி இத்தாலியோடு ஆட்டம் வந்தபோது அயர்லாந்து அணி கறுப்புப் பட்டை கட்டியது. போலீஸுக்கும் கொலையாளிகளுக்கும் தொடர்பு இருந்தது என்று 2016-இல் போலீஸ் குறைதீர்ப்பாளர் அறிக்கை சொன்னது.

போவதா வேண்டாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அது காட்சிப்பொருள் இல்லை. அந்த நேரத்தில் நகரில் மேரி பீட்டர்ஸ் தடகள மைதானத்துக்குப் போங்கள். மேரி பீட்டர்ஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பென்டத்லான் தங்கம் வென்றவர். கொலை மிரட்டல் வந்த பிறகும் பெல்ஃபாஸ்டுக்கே திரும்பி, ஓட ஒரு நல்ல தடம் வேண்டும் என்று பணம் திரட்டினார்.

நாள் 7: டெர்ரி

பெல்ஃபாஸ்டிலிருந்து ரயில் இரண்டு மணி நேரம். வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள். காசில்ராக் தாண்டியதும் சுரங்கம், அதைவிட்டு வெளியே வந்தால் கடல். நிலையத்தின் பெயர்ப்பலகையில் டெர்ரியும் லண்டன்டெர்ரியும் சேர்ந்தே இருக்கும். வழியில் சாலைப் பலகைகளில் லண்டன் என்ற பாதியை மட்டும் பெயின்ட் அடித்து மறைத்திருப்பதைப் பார்க்கலாம்.

மதில் மேலிருந்து பார்த்தால் கீழே போக்சைட். 1972 ஜனவரி 30 அன்று ஊர்வலத்தின்மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் 13 பேர் அங்கேயே இறந்தார்கள், பிறகு ஒருவர். இதற்கும் ரத்த ஞாயிறு என்றே பெயர். 1920-ஐயும் இதையும் குழப்பிக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளம். இறந்தவர்கள்மீது குற்றமில்லை என்று நீதிபதி சாவிலின் விசாரணை அறிக்கை சொல்ல 2010 ஆகிவிட்டது. ஃப்ரீ டெர்ரி அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் ப்ராண்டிவெல், டெர்ரி சிட்டி கிளப்பின் வீடு. கூகுளில் செல்ட்டிக் பார்க் என்று போட்டால் பக்கத்திலேயே உள்ள ஜி.ஏ.ஏ. மைதானத்துக்குக் கொண்டுபோய் விடும், கவனம்.

1971-இல் எதிரணியின் பஸ்ஸைக் கடத்தி எரித்தார்கள். பாதுகாப்பில்லை என்று ப்ராண்டிவெல்லில் ஆட்டம் தடையானது. அணி 30 மைல் தள்ளி கோலரெயினில் போய்ச் சொந்த ஆட்டங்களை ஆடியது. ஆதரவாளர்கள் வரவில்லை, வருமானம் நின்றது. 1972-இல் பாதுகாப்புப் படைகளே இனி ஆடலாம் என்று சொல்லியும் லீக் கிளப்புகளின் வாக்கெடுப்பில் ஒரே ஓட்டில் தோற்றது. அக்டோபர் 13 அன்று டெர்ரி லீக்கை விட்டு விலகியது. 13 ஆண்டு சில்லறை ஆட்டங்கள். பிறகு 1985-இல் எல்லை தாண்டி டப்ளின் நடத்தும் லீக்கில் சேர்ந்தது. பிரிட்டிஷ் மண்ணில் மைதானம், அயர்லாந்து குடியரசின் லீக். போலீஸ் உள்ளே வந்தால் கலவரம் வரும் என்பதால் கிளப்பின் தொண்டர்களே கூட்டத்தைக் காத்தார்கள். 1989-இல் லீக், எஃப்.ஏ.ஐ. கோப்பை, லீக் கோப்பை மூன்றும் ஒரே பருவத்தில். அந்த இலையுதிர்காலத்தில் பென்ஃபிக்கா இந்தக் குடியிருப்புக்கு வந்து ஆடிவிட்டுப் போனது.

இந்த ஊர்ப் பையன்கள் எந்த அயர்லாந்துக்கு ஆடலாம் என்ற வழக்கு லொசான் விளையாட்டு நீதிமன்றம் வரை போனது. வடக்கில் பிறந்தவர்கள் தெற்கின் அணிக்கு ஆடலாம் என்று 2010-இல் தீர்ப்பு. டெர்ரியின் ஜேம்ஸ் மெக்ளீன் அப்படித்தான் குடியரசுக்கு 100 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார்.

ஆட்டம் பெரும்பாலும் வெள்ளி இரவு. இணையத்தில் டிக்கெட், சட்டையில் சிவப்பு வெள்ளைக் கோடு. முடிந்ததும் பெல்ஃபாஸ்டுக்குக் கடைசி ரயில் போய்விட்டிருக்கலாம், ஊரிலேயே ஒரு இரவு தங்குங்கள். லீக் அட்டவணையை எடுத்துப் பார்த்தால், ரயிலில் முக்கால் மணி நேரத்திலுள்ள கோலரெயின் அதில் இருக்காது. அது வேறு லீக். டெர்ரியின் பஸ் எல்லை தாண்டி, டப்ளினைத் தாண்டி, சில சமயம் தீவின் மறுகோடியான கார்க் வரை போய் ஆடிவிட்டு விடியற்காலையில் திரும்பி வரும்.